மோவாலாவுக்குப் படம் வரும்வரை

நாவுதி, மோவாலாத் தீவு
6 ஜூலை 1998

பெதெலி தம்பிக்கு,

அலுமிதா எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றியிருக்கும். போடவில்லை என்றால் மேலே படி.

படகுத்துறையில் ஊரே பார்க்க உன்னை "அண்ணனை வித்தவன்" என்று சொன்னேன். ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆயிற்று. அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. நியூசிலாந்தில் ரக்பி ஆடும் ஒப்பந்தத்தைத் தலைநகர் சுவாவிலிருந்து கொண்டுவந்தது நீ. நம் வீட்டுப் பாயில் அதை விரித்து உன் அண்ணன் கையில் பேனாவைக் கொடுத்ததும் நீ. அது அப்படியே இருக்கட்டும். இப்போது எனக்கு உன் கண் வேண்டும்.

முதல் வருஷம் அவர் கடிதங்கள் நன்றாக இருந்தன. அந்த ஊர்க் குளிர், பக்கத்துக் கட்டில்காரனின் குறட்டை, சேம்பங்கிழங்கு கிடைக்காத கடைகள் என்று எழுதுவார். இந்த மே மாதத்திலிருந்து எழுத்து கோணிக்கொண்டு போகிறது. போன கப்பலில் இரண்டு கடிதங்கள் வந்தன, பத்து நாள் இடைவெளியில் எழுதியவை. இரண்டும் ஒரே கடிதம், தம்பி. சொல்லுக்குச் சொல் ஒன்று. இரண்டிலும் லித்தியாவுக்கு முன்பல் விழுந்ததா என்று கேட்கிறார். மகளுக்குப் பல் விழுந்து முளைத்தும் ஆயிற்று. அதைக் கேட்டு அவர் சந்தோஷப்பட்டு எழுதிய கடிதமும் என் பெட்டியில் இருக்கிறது.

நீ தொலைக்காட்சி நிலையத்தில் இருக்கிறாய். சனிக்கிழமைதோறும் அவர் ஆட்டம் உன் கண்முன்னால் ஓடுகிறது. எங்களுக்கு வானொலியில் கணக்கு மட்டும்தான், எத்தனைக்கு எத்தனை என்று. நடுவில் அவர் பெயர் வந்துவிட்டால் ஊர் முழுக்கக் கத்துகிறார்கள். எனக்குக் கணக்கு வேண்டாம். அவர் எப்படி நடக்கிறார்? முகம் எப்படி இருக்கிறது? யாராவது பேசினால் திரும்பிப் பார்க்கிறாரா?

குன்றின் மேல் உங்கள் நிலையத்து ஆட்கள் ஒளிபரப்புக் கோபுரம் நட்டுவிட்டுப் போய் இரண்டு வருஷம். இப்போது அதில் பறவைகள் உட்காருகின்றன. ஊர்த்தலைவர் எமோசி தினமும் என் வாசலில் நின்று, "பெதெலிகிட்டருந்து சேதி உண்டாம்மா? படம் எப்பத்தான் வரும்?" என்கிறார். உனக்கும் எனக்கும் பேச்சில்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தும் ஆட்டக்காரன் வீட்டில் கேட்காமல் வேறெங்கே கேட்பது என்கிறார்.

உண்மையை எழுது.

அலுமிதா


சுவா
20 ஜூலை 1998

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

அண்ணன் மிக நன்றாக ஆடுகிறார். போன சனிக்கிழமை எதிரணியின் மூன்று பேரை ஒற்றை ஆளாக நிறுத்தினார். அணித்தலைவரே வந்து முதுகில் தட்டிக்கொடுத்தார். உடம்பு ஏறியிருக்கிறது. முகம் எப்போதும்போலத்தான் இருக்கிறது. ஒரே கடிதம் இருமுறை வந்ததற்கு நீங்கள் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. முதல் கடிதம் கப்பலைத் தவறவிட்டிருக்கும் என்று நினைத்து மறுபடி எழுதியிருப்பார். பயிற்சி முடிந்து வரும் அலுப்பில் மனிதனுக்கு என்ன எழுதத் தோன்றும்?

கோபுரத்தைப் பற்றி: அதில் பொருத்த வேண்டிய அலைபரப்பிக் கருவி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அது வந்ததும் நானே கப்பலேறி வந்து பொருத்துவேன். இறுதி ஆட்டம் அக்டோபர் கடைசியில். அதற்குள் முடிந்துவிடும் என்று எமோசியிடம் சொல்லுங்கள்.

படகுத்துறையில் நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. கொப்பரைக் கொட்டகையில் குனிந்துகொண்டே கிழவனாகப் போகிறவனுக்கு ஒரு வழி காட்டினேன், அவ்வளவுதான். நான் யாரையும் விற்கவில்லை.

பெதெலி


நாவுதி
3 ஆகஸ்ட் 1998

தம்பிக்கு,

உன் கடிதத்தை ஐந்து முறை படித்தேன். முதல் முறை மனசு ஆறியது. ஐந்தாவது முறை ஆறவில்லை.

காத்திருக்கப் பொறுக்காமல் நம் ஊர் ஆண்கள் பதினெட்டுப் பேர் இரண்டு படகில் லகெம்பாத் தீவுக்குப் போனார்கள். அங்கே அரசு வைத்தியர் வீட்டில் வானத்திலிருந்து படம் பிடிக்கும் பெரிய தட்டு இருக்கிறதாம். நானும் வருகிறேன் என்றேன். "இந்தக் கடல்ல பொம்பளைய ஏத்திட்டுப் போய் நான் பழி சுமக்க மாட்டேன்" என்று எமோசி மறுத்துவிட்டார். போகும்போது பாடிக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை திரும்பினார்கள், ஒருவன் வாயிலும் பாட்டு இல்லை.

கரையிலேயே நின்று கேட்டேன். "படம் தெளிவா இல்லம்மா. ஒரே புள்ளி புள்ளியா இருந்துச்சு" என்றார் எமோசி. அடுத்தவனைக் கேட்டேன், அவனும் புள்ளி என்றான். பதினெட்டுப் பேரும் அதே வாக்கியத்தைச் சொல்கிறார்கள். நடுக்கடலில் கூடிப் பேசி முடிவு செய்துகொண்டு வந்தது போலிருந்தது.

வைசாலே மச்சானை உனக்குத் தெரியும். என்னைச் சீண்டாமல் அவன் என் வாசலைக் கடந்ததே கிடையாது. நான் பின்னுகிற பாயை ஆடு மேய்ந்த இடம் என்பான், என் சமையலை மீன்கூடத் திரும்பிக் கடலுக்கு ஓடும் என்பான். அன்று சாயங்காலம் ஒரு கோவை மீனைக் கொண்டுவந்து வைத்தான். "ஏதும் வேணும்னா கூப்பிடு" என்றான். போய்விட்டான். தம்பி, ஒரு கேலிகூடச் செய்யாமல் போய்விட்டான். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் நாடா போட்டுப் பார்க்கும் கருவியும் இருக்கின்றன. அவர் ஆடிய ஆட்டங்களை ஒரு நாடாவில் எடுத்து அனுப்பு. கெஞ்சிக் கேட்கிறேன். நான் உன்னிடம் கெஞ்சுவேன் என்று நீயும் நினைத்திருக்க மாட்டாய், நானும் நினைக்கவில்லை.

அலுமிதா


சுவா
18 ஆகஸ்ட் 1998

அண்ணிக்கு,

நீங்கள் கேட்பது நடக்காது. அந்த ஆட்டங்களின் உரிமை வெளிநாட்டு நிறுவனத்துடையது. நாங்கள் ஒளிபரப்பலாம், அதோடு சரி. ஒரு நிமிடத்தை நகலெடுத்து வெளியே கொடுத்தாலும் அன்றே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். எனக்கு மூன்று பிள்ளைகள் இருப்பதை மறந்துவிட்டீர்களா? ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தாலும் குற்றவாளி, நாடாவை அனுப்பாவிட்டாலும் குற்றவாளி என்றால் நான் என்னதான் செய்வது?

லகெம்பா போனவர்களின் முகத்தைப் பார்த்து நீங்களாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். அன்றைய ஆட்டத்தில் அணி தோற்றது, அதற்காக வாடியிருப்பார்கள். ரக்பி என்றால் விழுவதும் எழுவதும்தான். அன்றும் அண்ணன் விழுந்தபோது அவராகத்தான் எழுந்தார். இரண்டாவது தடவை மட்டும்தான் தூக்கிவிட வேண்டியிருந்தது.

கருவி இன்னும் வரவில்லை.

பெதெலி


நாவுதி
1 செப்டம்பர் 1998

பெதெலி,

இரண்டாவது தடவை என்று எழுதியிருக்கிறாய். மொத்தம் எத்தனை தடவை?

உன் பதிலுக்காகக் கப்பலை எதிர்பார்த்து உட்கார முடியவில்லை. அஞ்சலகத்து வானொலித் தொலைபேசியில் சுவா வழியாக அவருடைய அணிக்குப் பேசினேன். அதில் பேசுவதைத் தீவிலுள்ள கருவிகள் எல்லாம் கேட்கும், உனக்கே தெரியும். வாசலில் வேறு முப்பது பேர் நின்றார்கள். ஒரு பெண் எடுத்தாள். கிதியோனே நலம், அணியின் மருத்துவர் பார்த்துவிட்டார், சனிக்கிழமை ஆடுகிறார் என்றாள். கெஞ்சியதும் அவரை அழைத்தாள்.

குரல் அதே குரல்தான். "அலுமிதா, எப்படி இருக்க? மழை பெய்யுதா?" என்றார். லித்தியாவைக் கேட்டார். நான் அழாமல் பதில் சொன்னேன். வாசலில் நின்றவர்கள் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிடுமா என்று கேட்கச் சொல்லிச் சைகை காட்டினார்கள். அதையும் கேட்டேன். சிரித்தார். பிறகு சொன்னார்:

"சரி, அம்மாகிட்ட குடு. ரொம்ப நாளாச்சு பேசி."

உங்கள் அம்மாவை அவர் தன் கையால்தான் புதைத்தார், பெதெலி. நாலு வருஷம் முன்பு குழியில் இறங்கிப் பாயை விரித்தவர் அவர்தான். முப்பது பேர் வாசலில் நிற்கிறார்கள், நான் கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "அம்மா தூங்குறாங்க" என்றேன். "எழுப்பாத" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வெளியே வந்தபோது ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இனி உன்னிடம் நாடா கேட்க மாட்டேன். இதற்கு மட்டும் பதில் சொல். நீ என்ன பார்த்தாய்?

அலுமிதா


சுவா
14 செப்டம்பர் 1998

அண்ணி,

எல்லாவற்றையும் பார்த்தேன்.

ஆட்டங்கள் வந்து இறங்கும் அறையில்தான் எனக்கு வேலை. மக்கள் பார்ப்பதற்கு முன்பே நான் பார்த்துவிடுவேன். மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை ஒருவன் முழங்கால் அண்ணன் காதோரம் பட்டது. அண்ணன் விழுந்தான். கை இரண்டும் விறைத்து வானத்தைப் பார்த்து நின்றன. பத்து நிமிடத்தில் மறுபடி ஆட வந்துவிட்டான். அதற்கப்புறம் ஆறு தடவை. நான்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன், வேறு யாரும் எண்ணுவதாகத் தெரியவில்லை. ஜூலையில் ஒரு நாள் எழுந்து நேராகப் போய் எதிரணி வரிசையில் நின்றுகொண்டான். வர்ணனையாளர்கள் இருவரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த சக ஊழியனும் சிரித்தான். நானும், அண்ணி, நானும் சிரிப்பதுபோல வாயைத் திறந்தேன். அது யார் என்று அவனுக்குத் தெரியக் கூடாது என்று.

நன்றாக இருக்கிறான் என்று உங்களுக்கு எழுதியது அந்த வாரம்தான். பேனாவைக் கொடுத்தது நான் அல்லவா. நீங்கள் படகுத்துறையில் சொன்னது உண்மையாகிவிடக் கூடாது என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் வேண்டிக்கொண்டேன். அவனுக்காக வேண்டவில்லை, எனக்காக வேண்டிக்கொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. மோவாலாவுக்கான கருவி ஏப்ரலிலேயே வந்துவிட்டது. எங்கள் கிடங்கில் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. பொருத்த வேண்டியவன் நான். கடல் சரியில்லை, கம்பி போதவில்லை, மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று ஐந்து கப்பலைத் தட்டிக்கழித்தேன். தீவின் எட்டு ஊர் மக்கள் காத்திருந்தது என் ஒருவனால். படம் வந்தால் நீங்கள் பார்ப்பீர்கள். அதற்குப் பயந்துதான் இத்தனையும்.

இதோடு ஒரு நாடா வருகிறது. நான்கு ஆட்டங்கள். கப்பல் கணக்கர் உங்கள் கையில் மட்டும் கொடுப்பார். லித்தியாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

பெதெலி


நாவுதி
27 செப்டம்பர் 1998

பெதெலி,

நாடாவைப் பார்த்தேன்.

தலைமையாசிரியரிடம் மட்டும் சொல்லி, பட்டப்பகலில் மின்னாக்கியைப் போடச் சொன்னேன். அந்தச் சத்தம் கேட்டால் போதாதா? கால்மணி நேரத்தில் ஜன்னல் எல்லாம் தலை. விரட்டத் தெம்பில்லாமல் உள்ளே வரச் சொன்னேன். இரண்டு வருஷமாக ஆட்டத்தைப் பார்க்க ஏங்கிக் கிடந்தவர்கள். உன் அண்ணன் ஓடிவந்து ஒருவனை மோதித் தள்ளியதும் கூரை பறந்துவிடும்போலக் கத்தினார்கள். "அடி! அப்படித்தான்டா கிதி!" திருப்பிப் போடச் சொல்லி மூன்று முறை பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எவ்வளவு அழகாக ஓடுகிறார், பெதெலி. என்னை மீறி எனக்குப் பெருமையாக இருந்தது. உன்மேல் எனக்குக் கோபம் இருந்தாலும் இதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு நீ சொன்ன அந்த இடம் வந்தது. எழுந்தார், போய் எதிரணி வரிசையில் நின்றார். எதிரணிக்காரன் ஒருவன் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினான். இளவட்டங்கள் சிலர் சிரித்தார்கள். "சிரிக்காதீங்கடா நாய்களா!" என்று கத்தினான் வைசாலே மச்சான்.

மறுநாள் என் அப்பா வீட்டுக்குப் போனேன். எங்கள் கல்யாணத்துக்கு உங்கள் வீட்டார் கொடுத்த திமிங்கிலப் பல் அங்கே எண்ணெய் பூசித் தொங்குகிறது. அதை இறக்கிக்கொண்டு, என் அண்ணனோடு ஊர்க்கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன். முறைப்படி அண்ணன்தான் பேச வேண்டும். பாதியில் அவன் பல்லை என் கையில் கொடுத்துவிட்டான். நானே பேசினேன். ஊர் கூப்பிட்டால்தான் அவர் வருவார், இறுதி ஆட்டத்துக்கு முன்னால் கூப்பிடுங்கள் என்று பல்லை நீட்டினேன்.

வாங்கினால் கேட்டதைச் செய்தாக வேண்டுமே, ஒருவரும் வாங்கவில்லை. பின்னாலிருந்து ஒருவன், "இன்னும் மூணே ஆட்டம் அண்ணி. அதுக்குள்ள படமும் வந்துடும்னு பெதெலி சொல்லிருக்கான்ல? ஜெயிச்சுட்டு வரட்டுமே" என்றான். கெட்டவன் அல்ல அவன். லகெம்பாவுக்குத் துடுப்புப் போட்டுக் கை கொப்பளித்து வந்தவன்.

"மூணு ஆட்டம்னா அவர் தலையில இன்னும் எத்தனை அடின்னு எண்ணிச் சொல்லு. சொல்லிட்டு, இந்தப் பல்ல நீயே என் அப்பா வீட்டுல மாட்டிட்டு வா" என்றேன்.

என் கை வலித்தது, இறக்கவில்லை. கடைசியில் எமோசி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நேராக அஞ்சலகம் போய்த் தொலைபேசியைப் பிடித்தார். "கிதி, ஊர் கூப்பிடுது. ஏன்னு கேக்காத. வா." அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது. "சரி."

நீ போய் விமானத்திலிருந்து அவரை இறக்கு. ஏப்ரலில் கருவி வந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதை ஊர் முன்னால், மன்னிப்புக் கேட்கும் முறைப்படி யங்கோனா வேர்க்கட்டோடு வந்து உட்கார்ந்து நீயே சொல்ல வேண்டும். நான் சுமக்க மாட்டேன்.

அலுமிதா


சுவா பெரிய மருத்துவமனை
13 அக்டோபர் 1998

அண்ணி,

அண்ணன் வந்துவிட்டான்.

அணியினர் லேசில் விடவில்லையாம். ஒப்பந்தத்தைக் காட்டினார்களாம். "எங்க ஊர்த் தலைவர் கூப்பிட்டார்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். அவனோடு ஆடும் ஒரு தொங்கா நாட்டுக்காரன் கூடவே விமானமேறிக் கொண்டுவந்து விட்டான். மலை மாதிரி ஆள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தலை வலிக்குதுன்னு இவன் எங்ககிட்ட சொன்னதே இல்ல. நாங்களும் கேட்டதே இல்ல" என்று அழுதான்.

அண்ணன் என்னைப் பார்த்ததும், "பெதெலி, என்னடா கிழவனாயிட்ட?" என்றான். அந்த ஒரு கேலிக்கு நான் விமான நிலையத்தில் உட்கார்ந்து அழுதேன்.

இனி அவன் பந்தைத் தொடக் கூடாது என்கிறார் மருத்துவர். போன நினைவில் கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், யாரும் உறுதி சொல்ல முடியாதாம். காலையில் தெளிவாக இருக்கிறான். வெயில் சாய்ந்ததும் காலணியைத் தேடுகிறான், இன்று எந்த மைதானம் என்று கேட்கிறான். வெளிச்சம் கண்ணில் பட்டால் வாந்தி எடுக்கிறான்.

நிலையத்தில் என் மேலதிகாரியிடம் போய் நாடாவையும் கருவியையும் பற்றி நானே சொன்னேன். வேலை போய்விட்டது. இப்படி எழுதுவது உங்கள் இரக்கத்துக்காக அல்ல. கருவியோடு வேறொரு ஊழியர் அடுத்த கப்பலில் வருகிறார். இறுதி ஆட்டத்துக்குள் படம் தெரிந்துவிடும். ஊருக்கு நான் சொல்ல வேண்டியதை இவன் கொஞ்சம் தேறியதும் வந்து சொல்கிறேன். அதுவரை இந்தக் கட்டிலை விட்டு நகர மாட்டேன்.

நேற்று என்னிடம், "அலுமிதா என்மேல கோவமா?" என்றான். இல்லை என்றேன். சரியாகச் சொன்னேனா?

பெதெலி


நாவுதி
1 நவம்பர் 1998

பெதெலி தம்பிக்கு,

சரியாகத்தான் சொன்னாய்.

படம் வந்துவிட்டது. புதன்கிழமை அந்த ஊழியர் குன்றிலிருந்து கை காட்டியதும் பள்ளிக்கூடத்தில் செய்தி வாசிப்பவளின் முகம் தெரிந்தது. குழந்தைகள் போய்க் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார்கள். நேற்று இறுதி ஆட்டம். எட்டு ஊரும் வந்தன. மரவள்ளி அவித்து, பன்றி சுட்டு, கல்யாணம்போல இருந்தது. நான் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். வைசாலே மச்சான் வந்து, "வா. நீ பின்னுன பாயிலதான் உட்கார வைப்பேன், குத்துனா என்னைத் திட்டாத" என்றான். லித்தியாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

உன் அண்ணன் இடத்தில் ஒரு சின்னப் பையன் ஆடினான். பத்தொன்பது வயதாம், நல்ல வேகம். முதல் பாதியில் எல்லோரும் கத்தினார்கள். அவர் இல்லாத அணிக்காகவும் கத்தினார்கள், நான் குறை சொல்லவில்லை. பிறகு அந்தப் பையன் ஒருவனைத் தடுக்கப் பாய்ந்தான். எழவில்லை. கால் மட்டும் துடித்தது. அடுத்த நொடியே திரையில் ஒருத்தி சோப்பு விளம்பரத்துக்குச் சிரித்தாள்.

முன்னூறு பேர் இருந்தோம். எமோசி மட்டும் திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அவன் எந்திரிச்சானா?"

யாருக்குத் தெரியும்? படம் திரும்பி வந்தபோது வேறொருவன் ஆடிக்கொண்டிருந்தான். வர்ணனையாளர்கள் கணக்கைச் சொன்னார்கள். பையனைப் பற்றிப் பேசவில்லை. அணி வென்றது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு வருஷம் காத்திருந்து பார்த்தோம் தம்பி, கைதட்டினவர்கள் கொஞ்சம் பேர்தான். கலைந்து போகும்போது வழியெல்லாம் அந்தப் பையன் பெயர் என்ன, எந்த ஊர், யாராவது கேட்டீர்களா என்றுதான் பேசிக்கொண்டு போனார்கள். நாளைக்கு அஞ்சலகம் திறந்ததும் எமோசி அந்த அணிக்குத் தொலைபேசி செய்து விசாரிக்கப் போகிறார்.

வியாழக்கிழமைக் கப்பலில் லித்தியாவும் நானும் வருகிறோம். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள், "அப்பாவுக்கு என்னைத் தெரியுமா?" தெரியும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வாசலில் நின்று பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போவோம் என்று பேசி வைத்திருக்கிறோம். நான் அலுமிதா என்பேன், அவள் லித்தியா என்பாள். சாயங்காலம் மறந்தால் சாயங்காலமும் சொல்வோம்.

நீயும் அப்படியே செய், தம்பி. கட்டிலுக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்லிவிட்டுப் போ.

உன் அண்ணி
அலுமிதா